ஆறு சக்கரத்தில் ஓர் அடுப்படி

மோட்டார்ஹோமில் ஊர் சுற்றலாம், உடம்பையும் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அதற்குத் தண்ணீர், குளிர், தீ என மூன்று கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூன் பிறந்துவிட்டால் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் ஆள் கூடிவிடும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ வந்து இறங்கியிருப்பார்கள். “இவ்வளவு தூரம் வந்துட்டு யெல்லோஸ்டோன் பார்க்காம போறதா?” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அடுத்த நிமிடமே கணக்கு இடிக்கும். வீட்டில் ஆறு பேர். தாத்தாவுக்குச் சர்க்கரை; நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். பாட்டி முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். சின்னவனுக்குத் தயிர்சாதம் இல்லாமல் ராத்திரி கழியாது. ஹோட்டலில் அறை எடுத்தால் அடுப்பு இருக்காது. அடுப்போடு வீடு எடுத்தால் அந்தத் தேசியப் பூங்காவிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும்.

இதற்குப் பலர் கண்டுபிடிக்கும் விடை மோட்டார்ஹோம். அங்கே அதற்கு ‘ஆர்.வி.’ என்று பெயர். படுக்கை, கழிப்பறை, அடுப்படி எல்லாம் ஒரே வண்டியில். நம்மூரில் சினிமா படப்பிடிப்பில் நட்சத்திரங்களுக்காக நிற்கும் கேரவனுக்கு நெருங்கிய உறவு. அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ நிறுவனம் 1966-ல் மோட்டார்ஹோம் தயாரிக்கத் தொடங்கியபிறகு நடுத்தரக் குடும்பங்களுக்கும் இது எட்டியது. இன்று சொந்தமாக வாங்காவிட்டாலும் வாரக் கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம்.

எடுத்த பிறகு நடப்பதுதான் வேடிக்கை. நெடுஞ்சாலையில் பல வெளிவழிகளுக்கு முன்னால் ஒரு நீலப் பலகை நிற்கும். அதில் துரித உணவுக் கடைகளின் சின்னங்கள் வரிசை கட்டியிருக்கும். பசியும் களைப்பும் சேர்ந்த நேரத்தில் வண்டி தானாக அந்தப் பக்கம் திரும்பும். சைவம் சாப்பிடுபவருக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் உருளைக்கிழங்கு வறுவலும் பீட்சாவும்தான். சொந்த அடுப்பு பின்னாலேயே வர, முன்சீட்டில் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் கொறிக்கும் குடும்பங்கள் ஏராளம்.

சோம்பேறித்தனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வீட்டுச் சமையலை அப்படியே வண்டியில் செய்துவிடலாம் என்று கிளம்புகிறார்கள். இரண்டாம் நாள் தண்ணீர் தீர்கிறது, மூன்றாம் நாள் தயிர் புளிக்கிறது, நான்காம் நாள் பருப்பு வேகவில்லை. பிறகு நீலப் பலகைதான் கதி. என்ன சமைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு குளிர், எவ்வளவு தீ கையிருப்பில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான்காவதாக ஒரு கேள்வியும் உண்டு. அதைப் பலரும் கேட்பதில்லை: யார் சமைப்பது?

தண்ணீரும் கரண்டும்

குடும்பங்கள் அதிகம் எடுப்பது ‘கிளாஸ் சி’ வகை. ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்கும். முன்னால் இரண்டு டயர், பின்னால் நான்கு. 25 முதல் 30 அடி நீளம். அடுப்படி என்பது ஒருவர் நின்றால் இன்னொருவர் கடக்க முடியாத இடம். இரண்டு அல்லது மூன்று பர்னர், ஒரு சிங்க், தலைக்கு மேல் மைக்ரோவேவ். சப்பாத்திப் பலகையை வைத்துவிட்டால் காய் நறுக்க மேடையில் இடமில்லை.

நல்ல தண்ணீர்த் தொட்டி வண்டிக்கு வண்டி மாறும். 150 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேருக்குக் குளியல், கழிப்பறை, சமையல், பாத்திரம் எல்லாவற்றுக்கும் இதுதான். அதைவிடச் சிக்கல், உபயோகித்த தண்ணீர் சேரும் தொட்டி. அது நிரம்பினால் சிங்கில் தண்ணீர் இறங்காது. தேசியப் பூங்காக்களில் அதைத் தரையில் திறந்துவிட அனுமதியில்லை. அதற்கென்று இருக்கும் இடத்தில்தான் கொட்ட வேண்டும். எனவே சாதம் வடிப்பது, கீரையை நான்கு தண்ணீரில் அலசுவது, ஐந்து கிண்ணம் ஆறு கரண்டி எடுப்பது எல்லாம் இங்கே செல்லாது. கீரை, கொத்தமல்லி, புதினாவை வீட்டிலேயே அலசி, ஈரம் போக உலர்த்தித் துணியில் சுற்றிக் கொண்டுபோவதுதான் வழி. சாப்பிட்ட தட்டை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் பாதித் தண்ணீர் மிச்சம். எண்ணெயை சிங்கில் ஊற்றவே கூடாது. குழாயிலும் தொட்டியிலும் படிந்து நாறும்.

மின்சாரத்திலும் கணக்கு உண்டு. கேம்ப்கிரவுண்டில் வண்டியைச் செருகும் இணைப்பு பெரும்பாலும் 30 ஆம்பியர். அமெரிக்க மின்னழுத்தம் 120 வோல்ட். பெருக்கினால் 3,600 வாட். ஏ.சி. சுமார் 1,500 வாட் இழுக்கும். மைக்ரோவேவும் கிட்டத்தட்ட அவ்வளவே. இண்டக்ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் 1,800. மூன்றும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். ஏ.சி.யா, அடுப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். ஊரிலிருந்து வந்த மிக்சி 230 வோல்ட்டுக்கானது. இங்கே அது சுற்றுவது பேருக்குத்தான். தேங்காய், இஞ்சி-பூண்டு, அடை மாவு எதுவானாலும் அரைக்கும் வேலையை வீட்டோடு முடித்துவிட வேண்டும்.

ஃபிரிட்ஜை நம்பலாமா?

நிறைய மோட்டார்ஹோம்களில் இருக்கும் ஃபிரிட்ஜ் நம் வீட்டு ஃபிரிட்ஜ் போல் உறுமாது. அதில் கம்ப்ரசரே கிடையாது. ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இருவர் 1922-ல் உருவாக்கிய முறை அது. அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் மூடிய குழாய்க்குள் வைத்து, கீழே சூடு காட்டினால் மேலே குளிரும். கேஸ் சுடரே போதும், வெளி மின் இணைப்பு தேவையில்லை. வனாந்தரத்தில் நிற்கும் வண்டிக்கு இதைவிட வசதி வேறில்லை.

ஆனால் உள்ளே திரவம் இறங்குவது புவியீர்ப்பால் மட்டுமே. வண்டி சரிவில் நின்றால் சுழற்சி தடைபடும், குளிர் குறையும். நெடுநேரம் அப்படியே விட்டால் இயந்திரமே கெடும். ஓடும்போது பாதகமில்லை, சாய்வு மாறிக்கொண்டே இருக்கும். நிறுத்தும்போதுதான் மட்டம் பார்க்க வேண்டும். குளிர்ந்து முடிக்கவும் பல மணி நேரம் ஆகும் என்பதால் கிளம்புவதற்கு முந்தைய இரவே ஓடவிட வேண்டும். நெவாடா பாலைவனத்து வெயிலில் இது திணறும். இப்போதைய வண்டிகள் பலவற்றில் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வந்துவிட்டது. அதில் இந்தத் தொல்லை இல்லை. பாட்டரியைத்தான் கவனிக்க வேண்டும். எதுவானாலும் உள்ளே ஒரு சின்ன தெர்மாமீட்டர் தொங்கவிடுவது நல்லது. 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் பால், தயிர், வெந்த பருப்பு எதையும் நீடிக்கவிடக் கூடாது.

தாத்தாவின் இன்சுலினும் இதே ஃபிரிட்ஜில்தான் இருக்கும். பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். உறைந்துவிட்டால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். இந்த வகை ஃபிரிட்ஜின் பின்சுவரில் இருக்கும் உலோகத் தகடுகளில் பனி கட்டும். இன்சுலினை அதில் படாமல், முன்பக்கமாக ஒரு டப்பாவில் வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டியின் டாஷ்போர்டில் வைப்பது அதைவிட மோசம்.

கட்டுச்சோறு கட்டிப் பழகிய நமக்குத் தெரியவேண்டிய இன்னொன்று, சாதத்தின் குணம். அரிசியில் ‘பேசிலஸ் சீரியஸ்’ என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். அவை கொதியிலும் சாகாது. வெந்த சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்தியும் பேதியும் கொடுக்கும் நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் வாந்தி வரவைக்கும் நச்சு போகாது. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். இது அமெரிக்க வேளாண் துறையின் விதி. அப்படியானால் புளியோதரை? புளியின் அமிலமும், நல்லெண்ணெயில் சுண்டிய காய்ச்சலும் சேர்ந்து கெடுதலைத் தள்ளிப்போடும். அந்தக் காலத்தில் அதைக் கட்டிக் கொடுத்தவர்கள் அனுபவத்தில் கண்ட பாடம் அது. ஆனாலும் புளிக்காய்ச்சலைப் பாட்டிலில் கொண்டுபோய், சாதத்தை அன்றன்றைக்கு வடிக்காமல் குக்கரில் வைத்துக் கலப்பதே வண்டிக்குப் பொருத்தம்.

காய்கறிக்கும் வரிசை உண்டு. முதல் இரண்டு நாள் கீரை, வெள்ளரி, தக்காளி. அடுத்து பீன்ஸ், கத்திரிக்காய், குடமிளகாய். கடைசிக்கு முட்டைகோஸ், கேரட், பீட்ரூட். பூசணி வகையான ‘பட்டர்நட் ஸ்குவாஷ்’ ஃபிரிட்ஜுக்கு வெளியிலேயே வாரக் கணக்கில் தாங்கும். சாம்பாருக்கும் கூட்டுக்கும் நம் பரங்கிக்காய்க்குப் பதில் நிற்கும். உறையவைத்த பட்டாணியும் கீரையும் மட்டமானவை என்று நினைக்க வேண்டாம். பறித்த சூட்டில் உறையவைத்ததால் சத்து பெரிதாகக் குறைவதில்லை. உருகும்வரை பக்கத்துப் பொருளுக்கு ஐஸ் கட்டியாகவும் உதவும்.

உயரம் போனால் பருப்பு வேகாது

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சுமார் 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும். யெல்லோஸ்டோன் ஏரிக்கரை 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 92 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். கிட்டத்தட்ட அதே உயரத்திலுள்ள ஊட்டிக்காரர்களுக்கு இது தெரிந்த கதை: திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பை வைத்துவிட்டுக் காத்திருந்தால் கேஸ்தான் தீரும். அமெரிக்கர்கள் பலர் வண்டியில் வைக்காத ஒரு பாத்திரம் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. பிரஷர் குக்கர். அழுத்தத்தால் உள்ளே 115 டிகிரிக்கு மேல் போய்விடும். இரண்டு விசில் கூடுதலாக வைத்தால் முடிந்தது. தண்ணீரும் குறைவு, கேஸும் குறைவு. குக்கர் ஒன்று போதும், கூடவே அடுக்குத் தட்டு. கீழே பருப்பும் காயும், மேலே சாதம், ஒரே தீயில்.

காஸ்கட் ஒன்றும் வெயிட் ஒன்றும் உபரியாகப் பையில் இருக்கட்டும். வயோமிங் காட்டில் அதைத் தேடி அலைய முடியாது.

வண்டி ஓடும்போது அடுப்பு எரியக் கூடாது. பெட்ரோல் போடும்போது ஃபிரிட்ஜின் சுடர் உட்பட எந்தச் சுடரும் கூடாது. ஆனால் ஓடும் நேரத்தையும் சமையலுக்குப் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது: தமிழ்நாட்டு வீடுகளில் சாதம் வைக்கும் தெர்மல் குக்கர். கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அமைப்பு பரப்பிய சூடாறாப்பெட்டியும் இதே தத்துவம்தான். காலையில் கொண்டைக்கடலையையும் காய்களையும் அடுப்பில் நன்றாகக் கொதிக்கவிட்டு, வெப்பம் வெளியேறாத கூட்டுக்குள் இறக்கி மூடி, உருளாமல் சிங்குக்குள் அமர்த்திவிட்டுக் கிளம்பினால் மதியம் குழம்பு தயார். ஓர் எச்சரிக்கை: ராஜ்மாவை இப்படிச் செய்யக் கூடாது. சரியாக வேகாத ராஜ்மாவில் இருக்கும் ஒரு வகை லெக்டின் கடும் வாந்தியை உண்டாக்கும். அதைக் குக்கரில் முழுதாக வேகவைத்த பிறகே பெட்டிக்குள் வைக்கலாம். மலை உயரத்தில் எல்லாப் பயறுக்கும் இதே விதியைக் கடைப்பிடிப்பது நல்லது.

பலரும் கையோடு கொண்டுபோவது பியூட்டேன் கேன் செருகும் சின்ன அடுப்பு. வெளியே மேஜையில் வைத்துச் சமைக்க வசதி. ஆனால் பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகில் ஆவியாவதை நிறுத்திவிடும். யெல்லோஸ்டோனில் ஜூன் மாத விடியற்காலை அந்தக் குளிரைத் தொடும். காபிக்குத் தண்ணீர் வைத்தால் சுடர் சோகையாக எரியும். வண்டியின் சிலிண்டரில் இருக்கும் புரோப்பேனுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அது -42 டிகிரிவரை ஆவியாகும். இன்னொன்று, கேன் அடுப்பில் அகலமான தோசைக்கல்லை வைக்க வேண்டாம். கல்லின் விளிம்பு கேனுக்கு மேல் நீட்டிக்கொண்டால் வெப்பம் கீழே திரும்பி கேன் வெடிக்கலாம்.

கறிவேப்பிலைக்குச் சோதனை, சாம்பாருக்குக் கரடி

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட், சன்னிவேல் பக்கத்துத் தமிழர்கள் கிளம்பும் பாதையைப் பார்ப்போம். நெடுஞ்சாலை 80-ஐப் பிடித்து, சியேரா மலை ஏறி, நெவாடாவைக் குறுக்காகக் கடந்து, சால்ட் லேக் சிட்டி. அங்கிருந்து வடக்கே திரும்பி ஐடஹோ வழியாக யெல்லோஸ்டோனின் மேற்கு வாசல். நெவாடா மட்டும் 650 கிலோமீட்டர். வின்னமக்காவை விட்டால் எல்கோ வருவதற்கு 200 கிலோமீட்டர். இடையில் பெரும்பாலும் பெட்ரோல் பங்க் கடையில் கிடைக்கும் சிப்ஸும் சோடாவும்தான். முதல் நாள் சாப்பாட்டை வீட்டிலேயே முடிவுசெய்யாதவர்கள் மாட்டுவது இங்கேதான்.

யூட்டாவில் காட்சி மாறும். ஆக்டனுக்கு வடக்கே பிரிகம் சிட்டி பக்கம் 89-ஆம் சாலைக்கு ‘ஃப்ரூட் வே’ என்றே பெயர். கோடையின் பின்பாதியில் பீச், தக்காளி, சோளம் என்று தோட்டக்காரர்களே கடை போட்டிருப்பார்கள். ஐந்து நிமிடம் ஒதுங்கினால் இரண்டு நாளுக்கான பழம் கிடைத்துவிடும்.

திரும்பும்போது எல்லையில் சோதனை. கலிஃபோர்னியாவுக்குள் நுழையும் சாலைகளில் வேளாண் துறை 16 சாவடிகள் வைத்திருக்கிறது. 80-ஆம் சாலையில் ட்ரக்கீயில் ஒன்று. பழம், செடி இருக்கிறதா என்று கேட்பார்கள். சந்தேகத்துக்குரியதை எடுத்துக்கொள்வார்கள். காரணம் இருக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் ‘சிட்ரஸ் கிரீனிங்’ நோய் 2005-ல் ஃப்ளோரிடாவிலும் 2012-ல் கலிஃபோர்னியாவிலும் கண்டறியப்பட்டது. அதைப் பரப்பும் குட்டிப் பூச்சி விரும்பிக் குடியிருக்கும் செடிகளில் நம் கறிவேப்பிலையும் ஒன்று. அதுவும் எலுமிச்சைக் குடும்பம்தான். இந்தியாவிலிருந்து பச்சைக் கறிவேப்பிலை கொண்டுவரக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். ஆகவே வண்டிக்குப் பச்சை இலைக்குப் பதில் வறுத்து அரைத்த கறிவேப்பிலைப் பொடி. சாவடியில் சங்கடமில்லை, இரும்புச் சத்துக்கும் ருசிக்கும் ஆச்சு.

பூங்காவுக்குள் வேறு காவல். யெல்லோஸ்டோனில் கிரிஸ்லி கரடிகள் உண்டு. ஏரிக்கரையில் உள்ள ‘ஃபிஷிங் பிரிட்ஜ்’ முகாமில் துணிக் கூடாரத்துக்கே அனுமதியில்லை. கெட்டியான சுவருள்ள வண்டிகள் மட்டுமே நிற்கலாம். சமைத்த குக்கரை வெளியே மேஜையில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் நகரக்கூட விதி இடம் தராது. காலிப் பாத்திரம், அழுக்குத் தட்டு, குப்பை, எண்ணெய்ப் பாட்டில், பல் தேய்க்கும் பேஸ்ட் எல்லாமே கரடிக்கு அழைப்பிதழ். சாப்பாட்டு ருசி கண்ட கரடி மனிதர்களைத் தேடி வரும். கடைசியில் கரடியைத்தான் கொல்ல வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஜன்னலைச் சாத்த வேண்டும்.

தாளிப்பு விஷயத்தில் மட்டும் கரடி பரவாயில்லை, வண்டிதான் கூப்பாடு போடும். காய்ந்த எண்ணெயில் மிளகாய் விழுந்ததும் கூரையிலுள்ள புகை அலாரம் அலறும். தரைக்கு அருகில் கேஸ் அலாரம் ஒன்று இருக்கும். புரோப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும் என்பதால் அந்த இடம். எந்த அலாரத்தையும் பிடுங்கி வைக்கக் கூடாது. ஜன்னலைச் சற்றுத் திறந்து, விசிறியைப் போட்டுவிட்டுச் சமைத்தால் போதும். குளிர் காய அடுப்பைப் பற்றவைப்பது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மீன் வறுவலும் அப்பளம் பொரிப்பதும் வண்டிக்குள் வேண்டாம். மெத்தையிலும் திரையிலும் ஏறிய எண்ணெய் வாடைக்கு வாடகை நிறுவனம் சுத்தம் செய்யும் கட்டணம் கேட்கும்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

பயணத்தில் உடம்பைக் கெடுப்பது பெரும்பாலும் மூன்று விஷயங்கள்: நெடுநேரம் உட்கார்ந்திருப்பது, காய்கறி இல்லாமல் வெறும் மாவாகச் சாப்பிடுவது, உப்பு. கழிப்பறைக்கு எழ வேண்டுமே என்று பெரியவர்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது நான்காவது. வண்டியிலேயே கழிப்பறை இருக்கிறது, அந்தக் கவலை வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வண்டி நின்ற பிறகுதான் எழுந்து போகலாம் என்பதையும் சேர்த்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் என்று வைத்துக்கொண்டால் காலுக்கும் நல்லது, தண்ணீருக்கும் நல்லது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாள் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்றும், உப்பு 5 கிராமுக்குள் நிற்கட்டும் என்றும் சொல்கிறது. நம் பயணச் சாப்பாட்டை இதில் நிறுத்திப் பார்த்தால் உண்மை கொஞ்சம் கசக்கும். எலுமிச்சை சாதம், தயிர்சாதம், புளியோதரை, தொட்டுக்கொள்ள வறுவல், ஊறுகாய், கொறிக்க முறுக்கு, மிக்சர். பர்கரைக் குறை சொல்லிவிட்டு நாம் கட்டிக்கொண்டு போவதும் மாவும் எண்ணெயும் உப்பும்தான்.

திருத்துவது எளிது. கலந்த சாதத்தில் சாதத்தைப் பாதியாக்கி மீதிப் பாதிக்குக் காயும் பயறும். வரகு, குதிரைவாலி குக்கரில் சீக்கிரம் வேகும்; ஆனால் சிறுதானியம் என்பதற்காக அளவை மறந்துவிடக் கூடாது, அதுவும் மாவுச்சத்துதான். சப்பாத்திக்குப் பதில் கடையில் கிடைக்கும் முழுக் கோதுமை டார்ட்டியா உருட்டும் வேலையை மிச்சப்படுத்தும். பாக்கெட்டின் பின்புறம் சோடியம் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்து வாங்குங்கள். முறுக்குக்குப் பதில் வறுத்த கடலை, பொட்டுக்கடலை, பழம். ஊறுகாயின் இடத்தில் எலுமிச்சைச் சாறு பிழிந்த வெங்காயம், வெள்ளரிப் பச்சடி.

ஓட்டுபவரின் மதியச் சாப்பாட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். பத்து டன் கனம்கூட இல்லாவிட்டாலும் காற்றுக்கு ஆடும் வண்டி அது. வயிறு முட்டச் சாதம் சாப்பிட்டுவிட்டு ஸ்டியரிங் பிடித்தால் கண் சொக்கும். மதியம் சுண்டலும் காயும் மோரும், சூடான முழுச் சாப்பாடு வண்டி நின்ற பிறகு மாலையில் என்று மாற்றிக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும், சாப்பாட்டு நேரத்தையும் அளவையும் மாற்றுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் கை எட்டும் தூரத்தில் எப்போதும் ஏதாவது இனிப்பும் இருக்க வேண்டும். வழியில் சர்க்கரை இறங்கினால் தேவைப்படும்.

பெட்டிச் செய்தி: ஒரு நாள் சாப்பாடு

காலை, கிளம்புமுன்: காய்கறி நிறையப் போட்ட அவல் உப்புமா அல்லது கேழ்வரகுக் கூழும் மோரும். சாப்பிடுபவர்களுக்கு அவித்த முட்டை. அதே அடுப்புச் சூட்டில் கொண்டைக்கடலையை வேகவைத்துத் தெர்மல் குக்கரில் இறக்கிவிடலாம்.

இடைவேளை: ஒரு பழம், ஒரு கை வறுத்த கடலை, தண்ணீர்.

மதியம், சாலையோர ஓய்விடத்தில்: கொண்டைக்கடலைச் சுண்டல், டார்ட்டியாவில் சுருட்டிய முட்டைகோஸ்-கேரட் பொரியல், நீர்மோர். அடுப்பே பற்றவைக்க வேண்டாம்.

மாலை: சர்க்கரை குறைத்த காபி அல்லது சுக்குக் காபி. ஒரு நடை.

இரவு: குக்கரில் ஒரே பாத்திரச் சாம்பார் சாதம். தானியம் ஒரு பங்கு, பருப்பு ஒரு பங்கு, காய் மூன்று பங்கு. பக்கத்தில் வெள்ளரித் தயிர்ப் பச்சடி.

பெட்டிச் செய்தி: வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

சாம்பார் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி அரைப்பது. புளிக்காய்ச்சல் காய்ச்சுவது. கடுகு, உளுத்தம் பருப்பு, மிளகாயை எண்ணெயில் தாளித்துச் சின்னப் பாட்டிலில் அடைப்பது. இது கையில் இருந்தால் வண்டிக்குள் புகையே எழாது. ஈரம் படாமல் எடுத்து, வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பூண்டு மட்டும் இதில் வேண்டாம். எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் பூண்டில் ‘பாட்டுலிசம்’ என்ற கொடிய நோயைத் தரும் நச்சு உருவாகலாம். தோசை மாவு கொண்டுபோனால் டப்பாவில் பாதிதான் நிரப்ப வேண்டும். மலை ஏறும்போது காற்றழுத்தம் குறைந்து சிப்ஸ் பாக்கெட்டே உப்பும். புளிக்கும் மாவு மூடியைத் தூக்கிவிடும்.

நம்மூர்ச் சாலையில்

கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கியது. வாகமண்ணில் அதற்கான நிறுத்துமிடமும் வந்தது. இந்தியாவில் வாடகைக் கேரவன்கள் மெல்லப் பெருகுகின்றன. இங்கே நிலைமை வேறு. எந்தச் சாலையிலும் சூடான இட்லி கிடைக்கும். காய்கறிச் சந்தை வழியிலேயே வரும். சமைத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. உண்மையில் ஓடும் அடுப்படியை நமக்குக் கற்றுத்தர அமெரிக்கா வேண்டியதும் இல்லை. நாமக்கல் லாரி ஓட்டுநர்கள் வட இந்தியாவரை போய்வரும் வழியெல்லாம் வண்டியை ஓரங்கட்டி, அடுப்பை இறக்கி, ஒரு குழம்பு ஒரு சாதம் என்று ஆக்கிச் சாப்பிட்டு வருகிறார்கள். ஓட்டுநரும் கிளீனரும் அங்கே வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் வெங்காயம் உரித்தால் மற்றவர் அரிசி களைவார். யார் சமைப்பது என்ற கேள்விக்கு அந்த லாரியில் எப்போதோ விடை கிடைத்துவிட்டது.

குடும்ப மோட்டார்ஹோமில் இன்னும் கிடைக்கவில்லை. “நீங்க உட்காருங்கம்மா” என்று மகன் சொல்வான்; சொல்லிவிட்டு அவனும் உட்கார்ந்துகொள்வான். ஒருவர் மட்டுமே நிற்க முடிகிற அடுப்படி என்பதால், முதலில் போய் நிற்பவர் கடைசிவரை நிற்கிறார். அவர் பெரும்பாலும் அம்மா, இல்லையேல் மருமகள். மற்றவர்கள் வெந்நீர் ஊற்று பீறிடுவதைப் பார்க்கப் போகும்போது அவர் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இதற்கும் வழி வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. முகாமில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மர மேஜை உண்டு. நறுக்குவது, உரிப்பது, பிசைவது, பரிமாறுவது எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்துவிட்டால் நான்கு பேர் சேர்ந்து செய்யலாம். உள்ளே குக்கர் வைக்கும் கால் மணி நேரம் மட்டும்தான் தனி ஆள் வேலை. கிளம்புவதற்கு முன்பே, எந்த நாள் யார் சமையல், யார் பாத்திரம், யார் தண்ணீர்த் தொட்டி என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். பதின்வயதுப் பேரனின் பெயரும் அதில் இருக்கட்டும், தாத்தாவின் பெயரும் இருக்கட்டும். வண்டி ஓட்ட ஆள் மாற்றுவது பாதுகாப்புக்கு என்று யாரும் சொல்லாமலே ஒப்புக்கொள்கிறோம். அடுப்புக்கும் அதே விதிதான். அதில் ஆள் மாறாத பயணத்தில், தட்டில் எவ்வளவு காய் இருந்தாலும் ஒருவருக்கு அது விடுமுறையே இல்லை.